நெலா வராத நாளு

“வழி வுடுங்க, நான் எறங்கிக்கிறேன்” என்று படிக்கட்டில் நின்றவர்களை முழங்கையால் விலக்கினாள்.

“எறங்கி எங்கம்மா போவ? ரயில் கேட்டு போட்டுருக்கு. தொறந்ததும் வண்டி போயிடும், உக்காரு” என்றார் கண்டக்டர்.

“நடந்துடுவேன்.”

“பஸ் ஸ்டாண்டுக்குல்ல டிக்கெட்டு எடுத்திருக்க? இன்னும் ஒரு கிலோமீட்டர் பாக்கி கெடக்கு.”

“அத நீங்களே வச்சுக்குங்க.”

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். “பாக்கிய கண்டக்டரு நடந்து கழிச்சுக்குவாரு” என்று ஒரு கிழவர் சொன்னார். அது காதில் விழுந்தபோது அவள் ரோட்டில் இருந்தாள்.

முன்னால் பதினைந்து லாரிகள் நின்றன. எல்லாம் சுண்ணாம்புக்கல் ஏற்றியவை. ஞாயிற்றுக்கிழமை என்றும் சுதந்திர தினம் என்றும் பார்க்காத லாரிகள். ரோடும் ரோட்டோரத்துக் கருவேலமும் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. செருப்புக்குள் புழுதி புகுந்தது. கேட்டுக்கம்பிக்கு அடியில் குனிந்து தண்டவாளத்தைக் கடந்தாள். கேட் கீப்பர் ஏதோ கத்தினார். எதிரே சைக்கிளில் வந்தவரிடம் மணி கேட்டாள். இரண்டு பத்து. மூன்று மணிக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். இருந்தும் நடையைக் குறைக்கவில்லை.

மூன்று மணிக்கு அரியலூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அவள் புருஷன் பேரை மைக்கில் படிக்கப்போகிறார்கள். அவன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை எந்தக் கூட்டத்திலும் அந்தப் பேரை யாரும் படித்ததில்லை. ஊரில் சொல்வதும் குறைந்துவிட்டது. அவள் சொன்னதே இல்லை.

அவள் பேர் சின்னம்மாள். வயது முப்பத்திரண்டு. செந்துறையிலிருந்து நாலு மைல் தள்ளி ஒரு சின்ன ஊர். அங்கே பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாள். பிள்ளைகள் ஆயா என்பார்கள். அவள் உட்கார்ந்து ஊரில் யாரும் அதிகம் பார்த்ததில்லை. சோறு வெந்துகொண்டிருக்கும்போது முற்றத்தைக் கூட்டுவாள். கூட்டிய முற்றத்தை மறுபடியும் கூட்டுவாள். கூடச் சமைக்கிற பொன்னாயி, “ஏண்டி, அந்த மண்ணுக்கும் ஒரு ஒடம்புதானே, சொரண்டிக்கிட்டே இருக்குற” என்பாள். சாவு வீட்டுக்குப் போனால் அழுகிறவர்களோடு உட்கார மாட்டாள். தண்ணீர் தூக்கப் போய்விடுவாள். கல்யாணத்தில் பந்தி பரிமாறுவாள். ஒருமுறை செந்துறைக்கு சினிமாவுக்குக் கூட்டிப்போனார்கள். இடைவேளைக்கு முன்பே எழுந்து வெளியே வந்து, படம் முடியும்வரை கொட்டகையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

புருஷன் பேர் அமாவாசை. அமாவாசையன்று பிறந்தான், அதையே வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் அது புதிதில்லை. எண்பத்தேழு தை மாதம் கல்யாணம். இருபத்தெட்டு நாள் லீவு. லீவு முடிந்து வடக்கே போனான். ஆடி கழிந்ததும் அவனுடைய படையைக் கப்பலேற்றி இலங்கைக்கு அனுப்பினார்கள். அமைதிப்படை என்று அதற்குப் பேர். சண்டைக்குப் போகவில்லை, சண்டையை நிறுத்தப் போகிறோம் என்று எழுதியிருந்தான். ஐப்பசியில் தந்தி வந்தது. உடம்பு வரவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்கள் என்று பிறகு ஒரு காகிதம் வந்தது. அதற்கும் பிறகு ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. அதில் இரண்டு சட்டை, ஒரு கம்பளி, சவரக் கத்தி.

பாகிஸ்தான்காரனோடு மோதிச் செத்திருந்தால் ஊர் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கும். இவன் செத்த இடத்தில் எதிரே இருந்தவனும் தமிழ் பேசினான். டீக்கடையில் அதைத்தான் பேசினார்கள். பாவம் என்று தொடங்குவார்கள். கொஞ்ச நேரத்தில், “என்ன இருந்தாலும் நம்ம சனத்து மேலயே துப்பாக்கியத் தூக்கிட்டுப் போயிட்டானே” என்று முடிப்பார்கள். கொழுந்தன் தர்மன் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். அண்ணன் பேரைச் சொல்லிச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் அடித்தார்கள். ஒருநாள் கிழிந்த சட்டையோடு வந்து, சுவரில் இருந்த அண்ணன் படத்தைக் கழற்றினான். படத்தையும் தந்தியையும் காகிதங்களையும் தன் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினான். அவனை யாரும் தடுக்கவில்லை.

பதினாறாம் நாள் மாமியார் தாலியைக் கேட்டாள். சின்னம்மாள் கழற்றிக் கொடுத்தாள். அதில் தகராறு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வருஷம் திரும்பியபோது படையல் போட விடவில்லை. இலை போட்டுச் சோறு வைத்து, வேட்டி துண்டு வைத்துக் கும்பிடத் தயாராக எல்லாரும் நின்றார்கள். “ஆளக் காட்டுங்க, அப்பறம் போடுங்க” என்றாள். அத்தோடு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். அடுத்த வருஷமும் அப்படித்தான். மாமியார் செத்தபின் கேட்பதற்குத் தர்மன் ஒருவன்தான் இருந்தான். அவனும் நாலைந்து வருஷம் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும். சின்னம்மாளுக்கு அதோடு இன்னொரு தொந்தரவும் இருந்தது. மாதம் ஒருமுறை வருகிற அந்த நாளையும் அவளால் சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் ‘இருட்டு நாளு’ என்றாள். பிறகு ‘நெலா வராத நாளு’ என்று வைத்துக்கொண்டாள். அவன் போனபின்பும் அப்படித்தான். கடைக்கார செல்லக்கண்ணு வேண்டுமென்றே வாயைக் கிண்டுவார்.

“பூசணிக்கா எதுக்கும்மா?”

“நாளைக்கு நெலா வராத நாளுல்ல, அதுக்கு.”

“மேகம் மூடுனாலும் நெலா வராது. மழை பேஞ்சாலும் வராது. எந்த நாளுன்னு வெளக்கமா சொன்னாத்தான் காய் தருவேன்.”

“குடுக்காட்டிப் போங்க, கத்திரிக்கா போட்டுக்குறேன்.”

இனி ஆயுசு குறைய என்ன இருக்கிறது என்று பொன்னாயி ஒரு தடவை கேட்டுவிட்டாள். சின்னம்மாள் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

போன மாதம் ஒரு பகலில் கொளஞ்சியப்பன் சத்துணவுக் கூடத்துக்கு டிவிஎஸ் ஃபிப்டியில் வந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அரியலூரில் வீடு. அறுபது வயதுக்கு முதுகு நேராக இருந்தது. பீரங்கிப் படையில் இருந்ததில் இடது காது போய்விட்டது, வலது காது பாதி. அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்வதில்லை. சொல்வது கேட்காவிட்டால் தலையை ஆட்டிவிடுவார்.

“செந்துறை டீக்கடையில சொன்னாங்க தங்கச்சி. ஒன் வூட்டுக்காரரும் சிப்பாயாமே? ஸ்ரீலங்கா போனவராமே?”

“ஆமாங்கண்ணே.”

“இப்பதான் ஊரு ஒலகத்துக்குப் பட்டாளத்தான் கண்ணுல படுறான். கார்கில் கார்கில்னு தெனமும் பேப்பர்ல வருது. இந்தச் சூட்டோட பழைய ஆளுங்க பேரையும் சேத்துப் படிச்சிடணும். ஆறு மாசம் போனா ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான். நாட்டுக்காகப் போனவங்க பேரு, அவ்வளவுதான். எந்தச் சண்டைன்னு நான் பிரிக்கல. ஆளுக்கு ஒரு வெளக்கு. அப்பறம் சமாதானத்துக்கு ஒரு பிரார்த்தனை. வரியா?”

போனவங்க என்ற சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. போனவர்கள் என்றால் போனவர்கள். அதற்கு மேல் அந்தச் சொல் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

“வரேங்கண்ணே.”

“பேரு சொல்லு.”

சின்னம்மாள் சுற்றிலும் பார்த்தாள். பொன்னாயி அடிபம்புக்குப் போயிருந்தாள். பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். பருப்பு பொங்கி அடுப்பில் வழிந்து விறகு சீறியது.

“நெலா வராத நாளுங்கண்ணே” என்றாள்.

கொளஞ்சியப்பன் தலையை ஆட்டினார். பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினார். “நல்ல பேரு” என்றார்.

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பேரை நல்ல பேர் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. நோட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தாள். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடத் தன் பேரை மட்டும் எழுதக் கற்றிருந்தாள். மற்ற எழுத்தெல்லாம் அவளுக்கு ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் தர்மனிடம் படத்தைக் கேட்டாள். அவன் கடலைக் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான்.

“எதுக்கு அண்ணி? எல்லாரும் மறுபடியும் ஒரு ரவுண்டு பேசுறதுக்கா?”

“அரியலூர்ல பேரு படிக்கிறாங்களாம்.”

“படையல் போட வுடமாட்டேங்குற. மைக்குல படிக்க மட்டும் போறியா? செத்துட்டான்னா செத்துட்டான்னு இரு. இல்லன்னா இல்லன்னு இரு. ரெண்டுல ஒண்ணு சொல்லு அண்ணி.”

அவள் கழுவி வைத்த குடத்தை எடுத்து மறுபடியும் கழுவினாள். படம் இல்லாமல்தான் வந்திருந்தாள்.

மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். இருபது வரிசை நாற்காலி. முன்வரிசையில் ஜெயங்கொண்டம் பக்கத்து அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பாக்யலட்சுமி என்று பேர். ஒன்றரை மாதம் முன்பு கார்கிலில் செத்த திருமுருகனின் தாய். மேடையில் அவன் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. மாலை கழுத்தை மூடி மீசை வரைக்கும் வந்திருந்தது. அந்த அம்மா படத்தைப் பார்க்காமல் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடைக்கு முன்னால் நீள மேசை. அதில் பத்து அகல்விளக்கு, ஒவ்வொன்றின் முன்னாலும் பேர் எழுதிய அட்டை.

“உக்காருங்கம்மா” என்று யாரோ நாற்காலியைக் காட்டினார்கள். சின்னம்மாள் சாமியானாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்த அட்டை என்று தெரியாமல் பத்து அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பேர் படித்தவர் தமிழழகன் என்கிற வாத்தியார். நல்ல குரல். ஒவ்வொரு பேரையும் படித்து, ஊரைப் படித்து, நிறுத்துவார். வீட்டு ஆள் எழுந்து வந்து விளக்கை ஏற்றுவார். கொளஞ்சியப்பன் விறைத்து நின்று சல்யூட் வைப்பார். அறுபத்திரண்டில் போனவர் ஒருவருக்குப் பேரன் வந்து ஏற்றினான். எழுபத்தொன்றில் போனவருக்கு அவர் தங்கை வந்தாள். காற்றில் இரண்டு குச்சி அணைந்து வீணாயிற்று. ஒவ்வொரு பேர் முடிந்ததும் சின்னம்மாள் கம்பத்தை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். புருஷன் பேர் இல்லை என்றதும் பின்னால் போனாள்.

“சிப்பாய் நிலவரசன். செந்துறை.”

யாரும் எழுந்திருக்கவில்லை.

“சிப்பாய் நிலவரசன். செந்துறை. குடும்பத்தார் வந்திருந்தால் முன்னால் வரவும்.”

சின்னம்மாளும் மற்றவர்களோடு திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். செந்துறையில் இன்னொருவரும் இருந்திருக்கிறார், அவர் வீட்டில் யாரும் வரவில்லை, பாவம் என்று நினைத்தாள். அந்த விளக்கை ஏற்றாமல் விட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போனார்கள். கடைசிப் பேர் திருமுருகன். கைத்தட்டக் கூடாது என்று சொல்லியிருந்தும் தட்டினார்கள். பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார் வாத்தியார். “இப்போது எல்லாரும் எழுந்து நின்று, உலக சமாதானத்துக்காக இரண்டு நிமிடம் மௌனமாகப் பிரார்த்திப்போம்” என்றார்.

நாற்காலிகள் ஓசையிட்டு அடங்கின. ரோட்டில் ஒரு லாரி போனது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

படிக்கவில்லை. அவள் நெஞ்சுக்குள் அது மட்டும்தான் இருந்தது. மைக் வைத்து, சாமியானா போட்டு, எல்லாப் பேரையும் படித்துவிட்டு அவன் பேரை மட்டும் விட்டுவிட்டார்கள். ஸ்ரீலங்கா என்பதால் விட்டுவிட்டார்களா? அரியலூரிலும் டீக்கடை இருக்கிறதே. சொல்ல வேண்டாம் என்று யாராவது சொல்லியிருப்பார்களா? தர்மன் ஆள் விட்டிருப்பானா? கால்கள் இரண்டும் நிற்க மாட்டேன் என்றன. அப்போதுதான் செந்துறை என்ற சொல் திரும்ப வந்தது. செந்துறை. நிலவரசன். நெலா வராத. பருப்பு வழிந்த அடுப்பும், தலையை ஆட்டிவிட்டு எழுதிய கொளஞ்சியப்பனும், நல்ல பேரு என்று அவர் சொன்னதும்.

முன்னூறு பேர் கண்ணை மூடி அசையாமல் நின்ற மைதானத்தில் அவள் நடந்தாள். சரளைக்கல் காலடியில் நறநறத்தது. ஒன்றிரண்டு பேர் கண்ணைத் திறந்து முறைத்தார்கள். மேடை ஓரத்தில் கொளஞ்சியப்பன் அட்டென்ஷனில் நின்றார். அவர் முன்னால் போய் நின்றாள். அவர் அசையவில்லை. இரண்டு நிமிடம் முடியும்வரை அவளும் நிற்க வேண்டியிருந்தது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் சும்மா நின்றது அதுதான் என்று பிற்பாடு பொன்னாயியிடம் சொன்னாள்.

“அண்ணே, பேரு தப்புங்க.”

“எது?”

“செந்துறைன்னு படிச்சது. அது அவரு பேரு இல்லீங்க.”

“நீதானம்மா சொன்ன? நிலவரசன்னு?”

“நான் அப்பிடிச் சொல்லல. நெலா வராத நாளுன்னு சொன்னேன்.”

“அதத்தான் எழுதியிருக்கேன். நிலவரசன்.”

“ஐயோ, நெலாவே இல்லீங்கண்ணே. இருட்டு, இருட்டு.”

“இருட்டா? லைட்டு எரியுதேம்மா.”

“மாசம் ஒருக்கா வரும்ங்க…”

“மாசிலாமணியா?”

பக்கத்தில் நின்ற பையன்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். வாத்தியார் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கூட்டம் உட்காருவதா போவதா என்று தெரியாமல் நின்றது. கொளஞ்சியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. தப்பு நடந்துவிட்டது என்பதும், அது தன் காதால் நடந்தது என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டன.

“வாத்தியாரே, அத இங்க குடுங்க” என்று மைக்கை வாங்கி அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார். “இதுல சொல்லு தங்கச்சி. பெரிய குழாயில வந்தாத்தான் எனக்குக் கேக்கும்.” அதை அவர் மைக்கிலேயே சொல்லிவிட்டார். அவர் காது விஷயம் அரியலூர் பூராவும் தெரிந்துபோனது.

மைக்கின் கம்பி வலை அவள் உதட்டில் பட்டது. மூச்சு விட்டாள். அது பெரிதாகி மைதானத்துக்கு வெளியே, தென்னைமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து வந்தது. முன்வரிசையில் பாக்யலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள்.

சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாமல் இருந்தால் குறையாமல் இருக்கும். இந்தப் பன்னிரண்டு வருஷம் அவள் செய்த வேலை அது ஒன்றுதான். யாரும் கேட்டதில்லை, கேட்டால் அவளும் சொல்லியிருக்க மாட்டாள். இப்போது சொல்லாவிட்டால் அந்த விளக்கு, பிறந்தே இராத ஒருவன் பேரில் நிற்கும். சொல்லிவிட்டால் விளக்கு அவனுக்கு. விளக்கு ஏற்றினால் அப்புறம் அவன் எங்கிருந்தும் வரப்போவதில்லை.

“அமாவாசை” என்றாள்.

குழாய் அதை ரோட்டுக்குச் சொன்னது. ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

“அமாவாசை போன புதங்கெழமையே முடிஞ்சிருச்சேம்மா” என்றாள் மூன்றாம் வரிசையில் ஒரு பாட்டி, உதவி செய்கிற குரலில். “கிரகணத்தோட வந்துச்சே.”

பையன்கள் வெடித்துச் சிரித்தார்கள். பெரியவர்களும் சிலர் சிரித்தார்கள்.

“நாளு இல்லீங்க” என்றாள் சின்னம்மாள். மைக் இன்னும் வாயருகில் இருந்தது. “ஆளு. எங்க வூட்டுக்காரரு. பேரு அமாவாசை. ஸ்ரீலங்காவுல போயிட்டாரு. செத்துட்டாரு.”

சிரிப்பு ஓரத்திலிருந்து ஓய்ந்துகொண்டு வந்தது. கொளஞ்சியப்பன் நிலவரசன் அட்டையை எடுத்துக் கிழித்தார். பின்பக்கம் திருப்பி எழுதியிருக்கலாம் என்று கிழித்தபின் தோன்றியிருக்க வேண்டும். அட்டையின் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். பிறகு அட்டை இல்லாத விளக்கைக் காட்டினார். சின்னம்மாள் குச்சியைக் கிழித்தாள். காற்று அணைத்தது. மறுபடியும் கிழித்தாள். பாக்யலட்சுமி எழுந்து வந்து முந்தானையை விரித்துக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்தாள். திரி பற்றியது. கொளஞ்சியப்பன் சல்யூட் வைத்தார்.

“சிப்பாய் அமாவாசை. செந்துறை” என்று வாத்தியார் நல்ல குரலில் படித்தார்.

“பிரார்த்தனைக்கு ஒரு வார்த்தை சொல்லு தங்கச்சி, ஒனக்குத் தோணுறது” என்றார் கொளஞ்சியப்பன். மற்றவர்கள் யாரையும் அவர் அப்படிக் கேட்கவில்லை. தன் காதுக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அவள் நினைவுக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கே போய்ச் சேர்ந்து அவன் எழுதிய ஒரே கடிதம். தபால்காரர்தான் வாசற்படியில் நின்று படித்துக் காட்டினார். ‘இங்கு எல்லாரும் நம்ம பேச்சுதான் பேசுகிறார்கள். கொஞ்சம் இழுத்துப் பேசுகிறார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். அந்த அம்மா செம்பில் கொடுத்து, உம்மட பேர் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். அமாவாசையோ, இப்பிடியும் பேர் வைப்பினமோ என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.’ அதைப் படிக்கும்போது தபால்காரரும் சிரித்தார். சின்னம்மாளும் சிரித்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் தந்தி. அந்த வீடு இருந்த தெருவில்தான் சண்டை நடந்ததா என்று அவளுக்குத் தெரியாது. அந்த அம்மாவின் பிள்ளை யார், எந்தப் பக்கம் நின்றான், அவள் புருஷன் கையிலிருந்த துப்பாக்கி யாரைப் பார்த்துத் திரும்பியது, ஒன்றும் தெரியாது. இவளால் வாய்விட்டுச் சொல்ல முடியாத பேரை அந்த அம்மா சொல்லிச் சிரித்திருந்தாள். அது மட்டும் தெரியும்.

“அங்க ஒரு அம்மா இவருக்குத் தண்ணி குடுத்துச்சாம்” என்றாள் மைக்கில். “அது நல்லா இருக்கணும். அது புள்ளைங்களும் இருக்கணும்.”

கூட்டத்தில் ஒருவர் “இத எதுக்கு இங்க சொல்லுது” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். வாத்தியார் மைக்கை வாங்கிக்கொண்டு நன்றியுரைக்குப் போனார்.

டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அவள் நிற்கவில்லை. கொளஞ்சியப்பன் கேட் வரைக்கும் பின்னால் வந்து ஏதோ சொன்னார். அவளும் ஏதோ சொன்னாள். இருவருக்கும் மற்றவர் சொன்னது காதில் விழவில்லை. பஸ் ஸ்டாண்டில் செந்துறை வண்டி வர முக்கால் மணி நேரம் இருந்தது. சிமெண்டுப் பெஞ்சில் இடம் இருந்தது. பழக்கடையிலிருந்து கழிப்பறை வரைக்கும், கழிப்பறையிலிருந்து பழக்கடை வரைக்கும் நடந்துகொண்டிருந்தாள். சொன்ன பேர் வாய்க்குள் இன்னும் கிடந்தது. துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. பழக்கடைக்காரர், “என்னம்மா தேடுற?” என்றார். “ஒண்ணுமில்லீங்க” என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டரைக்குச் சத்துணவுக் கூடத்தைத் திறந்தாள். பொன்னாயி ஒன்பது மணிக்கு வந்தாள். விறகு ஈரமாக இருந்ததால் அடுப்புப் பற்ற நேரமானது. அரிசி ஊறப்போட்டு, பூசணிக்காய் நறுக்கினார்கள். பதினோரு மணிக்குத் தர்மன் வந்து வாசலில் நின்றான். அரியலூர் போய்வந்த யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

“பேரச் சொன்னியாமே அண்ணி.”

“சொன்னேன்.”

“ஐப்பசியில படையல் போட்டுடலாமா?”

“போடு” என்றாள்.

அவன் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுக் காட்டுக்குப் போனான். பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். உப்பு கொஞ்சம் கூடியிருந்தது. பொன்னாயி மகளுக்குக் காய்ச்சல் என்று சீக்கிரம் போய்விட்டாள். சின்னம்மாள் அண்டாவையும் தட்டுகளையும் கழுவிக் கவிழ்த்தாள். நாலு மணிக்குப் பூட்டி, சாவியைத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தாள்.